ஊரில் மணல்வாரி (தட்டம்மை) வந்துவிட்டால்: தெருத் தெருவாகத் தடுப்பூசி முகாம் நடத்த ஒரு முழு வழிகாட்டி

நான் திருநெல்வேலி ஜில்லாவில் கிராம சுகாதார செவிலியராக 27 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றுப் பாசன ஊர்கள், அப்புறம் மானூர் பக்கம் வானம் பார்த்த ஊர்கள், கடைசியாக ராதாபுரம் கடற்கரை என்று மூன்று இடத்திலும் இருந்திருக்கிறேன். இதை வார்டு உறுப்பினர்களுக்கும், மகளிர் குழுப் பெண்களுக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும், "நம்ம ஊர்ல ரெண்டு பிள்ளைக்கு அம்மை போட்டிருக்காம், என்னக்கா செய்ய" என்று போனில் கேட்கிற தம்பிகளுக்கும் எழுதுகிறேன். ஊசி போடுவது நர்சம்மா வேலை. அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற முக்கால்வாசி வேலை ஊர்க்காரர்களுடையது.

எத்தனை ஊசி போட்டோம் என்பதை வைத்து ஒரு முகாமை அளக்காதீர்கள், எத்தனை பிள்ளை பாக்கி என்று கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஒரு முகாமில் என் பதிவேட்டில் இருந்த அத்தனை பிள்ளைக்கும் ஊசி போட்டுவிட்டு, பாராட்டும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். இரண்டு வாரம் கழித்து ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளையில் பிள்ளைகளுக்கு வரிசையாகக் காய்ச்சலும் தடிப்பும் என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தால் உடை மரத்தில் கட்டிய சேலைத் தூளிக்குள் ஒரு வயதுப் பிள்ளை ஒன்று கண்ணைத் திறக்க முடியாமல் கிடக்கிறது, அம்மா கையெல்லாம் மண்ணோடு நின்று என்னைப் பார்க்கிறாள். அந்தச் சூளையில் 11 பிள்ளைகள். ஒன்றின் பெயர்கூட என் பதிவேட்டில் இல்லை. அன்றிலிருந்து எனக்கு ஊசிப் பெட்டிக்கு முன்னால் நோட்டுதான்.

முதலில், இது என்ன நோய் என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

ஊரில் எல்லாவற்றுக்கும் அம்மை என்றுதான் பெயர். சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளம் வரும். தட்டம்மையில், அதாவது நம் பக்கத்து மணல்வாரியில், முதல் மூன்று நாலு நாள் கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவந்து பிள்ளை வெளிச்சம் பார்க்க முடியாமல் அம்மா மடியில் முகத்தைப் புதைக்கும். அப்புறம் காதுக்குப் பின்னாலும் நெற்றியில் முடி தொடங்குகிற இடத்திலும் சிவப்பாகத் தடித்து, முகம், நெஞ்சு, கால் என்று கீழே இறங்கும். மணலை வாரி இறைத்த மாதிரி இருக்கும், பேரே அதைத்தான் சொல்கிறது. ஆனால் எது எது என்று நீங்கள் முடிவு கட்ட வேண்டாம். காய்ச்சலும் உடம்பில் தடிப்பும் சேர்ந்து வந்தால் சொல்லிவிடுங்கள், பிரித்துப் பார்ப்பது டாக்டர் வேலை.

இது காற்றில் பரவுகிற நோய். தட்டம்மை வந்த பிள்ளை ஒரு அறையை விட்டு வெளியே போன பிறகும் கிருமி 2 மணி நேரம் வரை அங்கே காற்றில் இருக்கும். பாதுகாப்பு இல்லாத 10 பேர் பக்கத்தில் இருந்தால் 9 பேருக்கு வந்துவிடும். தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பிருந்தே பரவ ஆரம்பித்துவிடுவதுதான் பெரிய கஷ்டம், வெறும் சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் பிள்ளையை பால்வாடிக்கும் கிளினிக் வராந்தாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். தடிப்பு வந்து 4 நாள் வரைக்கும் பரவும். கிருமி உள்ளே போனதிலிருந்து தடிப்பு தெரிய ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும், அதனால் இன்று ஒரு வீட்டில் பார்த்தால் அடுத்த அலை இரண்டு வாரத்தில் என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

"அம்மை வந்துட்டுப் போயிரும்" என்று லேசாக விடக் கூடாது. நிமோனியா, கடும் வயிற்றுப்போக்கு, காதில் சீழ், வைட்டமின் ஏ குறைந்த பிள்ளைக்குக் கண் பார்வையே போவது, சிலருக்கு மூளைக்காய்ச்சல் என்று இதன் பின்னால் வருகிறவைதான் பிள்ளையைக் கொண்டுபோகும். அதோடு, வேறு நோய்களுக்கு எதிராக உடம்பு அதுவரை சேர்த்துவைத்த எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதியையும் தட்டம்மை அழித்துவிடுகிறது. அம்மை போட்டு எழுந்த பிள்ளை அதற்கப்புறம் மாதக்கணக்கில் அடிக்கடி படுக்கும் என்று ஆச்சிமார் சொல்வது இதனால்தான்.

சந்தேகம் வந்த அன்றைக்கே செய்ய வேண்டியது

கிராம செவிலியருக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்றே சொல்லுங்கள். யாரையும் பிடிக்க முடியவில்லை என்றால் 104-க்கு அடிக்கலாம். சொல்லும்போது பிள்ளையின் வயது, தடிப்பு வந்த தேதி, ஊசி போட்ட அட்டை இருக்கிறதா, கடந்த இரண்டு வாரத்தில் எங்கே போனது, யார் வீட்டுக்கு வந்தார்கள் என்ற ஐந்து விவரம் கையில் இருந்தால் சுகாதார ஆய்வாளருக்குப் பாதி வேலை மிச்சம். தடிப்பு வந்து 28 நாளுக்குள் ரத்த மாதிரி எடுக்கலாம், தொண்டையிலிருந்து எடுப்பது முதல் சில நாளுக்குள் எடுத்தால்தான் பலன். இந்த மாதிரிகளைச் சோதிக்கிற கூடம் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். முகாம் போடலாமா, எந்த வயதுக்கு என்பதை வட்டார மருத்துவ அலுவலரும் மாவட்ட சுகாதார அலுவலகமும் முடிவு செய்வார்கள், அதற்குள் நீங்கள் நோட்டை ஆரம்பித்துவிடலாம்.

மருந்துக்கடைக்காரரையும் கேளுங்கள். ஊரில் எத்தனை பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து போகிறது என்பது சுகாதாரத் துறைக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

வேப்பிலை கட்டிய வீடு

நம் பக்கத்தில் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள், வெளியாள் உள்ளே போக மாட்டார்கள், அந்த வீட்டுக்காரர்களும் நல்லது கெட்டதுக்குப் போக மாட்டார்கள். இதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை, மருத்துவம் சொல்கிற தனிமைப்படுத்தலை நம் ஆட்கள் வேப்பிலையால் செய்கிறார்கள், அவ்வளவுதான். தடிப்பு வந்து 4 நாளாவது முடிகிற வரைக்கும் இதைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆனால் மூன்று விஷயத்தில் பேசித்தான் ஆகணும். ஒன்று, சாப்பாடு. பத்தியம் என்று சொல்லி வெறும் கஞ்சித் தண்ணியில் பிள்ளையை வைத்திருப்பார்கள். இளநீர், நுங்கு, மோர் எல்லாம் நல்லது, கூடவே சோறும் பருப்பும் பாலும் அவர்கள் மனசு ஒப்புகிற எதுவும் வயிறு நிறையக் கொடுக்கணும், தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு நிறுத்தவே கூடாது. இரண்டு, வைட்டமின் ஏ. தட்டம்மை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிள்ளைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுக்கணும், 6 மாதத்துக்குக் கீழே 50,000 யூனிட், 6 முதல் 11 மாதம் வரை 1 லட்சம், ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம். செவிலியர் கையால்தான் கொடுக்கணும், நீங்களாகக் கொடுக்காதீர்கள், ஆனால் கொடுத்தாச்சா என்று கேட்பது உங்கள் வேலை. இது வாயில் விடுகிற மருந்துதான், ஊசி இல்லை என்று சொன்னால் அநேகமாக எந்த ஆச்சியும் தடுப்பதில்லை.

மூன்றாவதுதான் மிகவும் முக்கியம். ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டதும் மற்ற பிள்ளைகளை ஆச்சி வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ பக்கத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில். அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே கிருமியை வாங்கியிருக்கும், பத்து நாள் கழித்து அந்த ஊரில் ஆரம்பிக்கும். வீராவநல்லூரில் ஒன்று, முக்கூடலில் ஒன்று என்று தூரதூரமாகப் பிள்ளைகள் விழுகிற மாதிரி தெரிந்தால் விசாரித்துப் பாருங்கள், பாதிக்குப் பாதி ஒரே குடும்பமாக இருக்கும். அனுப்ப வேண்டாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். அனுப்பியாச்சு என்றால் எந்த ஊர், யார் வீடு என்று எழுதி அந்த ஊர் நர்சம்மாவுக்குச் சொல்லுங்கள்.

மூச்சு வேகமாக வாங்குவது, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுப்பது, பால் குடிக்க முடியாமல் போவது, வலிப்பு, கண் கருவிழியில் வெள்ளை படர்வது, தட்டி எழுப்பியும் எழுந்திருக்காத மயக்கம் இதில் ஒன்று இருந்தாலும் அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணி விடுகிற நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. 108-க்கு அடித்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிற அரசுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கண்ணில் எந்தப் பச்சிலைச் சாறும் விடக் கூடாது.

நோட்டு

இதுதான் முகாமின் உயிர். 200 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் அந்தத் தெருப் பெண். வீடு வீடாகப் போய் 15 வயது வரைக்கும் உள்ள எல்லாப் பிள்ளையையும் எழுதுங்கள்: பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, முதல் டோஸ் தேதி, இரண்டாவது டோஸ் தேதி, இப்போது காய்ச்சல் உண்டா, கர்ப்பிணி யாரும் வீட்டில் உண்டா. முகாம் 5 வயதுக்குள் மட்டும்தான் என்று பின்னால் முடிவானாலும் பரவாயில்லை, மேலே உள்ள பிள்ளைகளில் ஊசி விட்டுப்போனது யார் என்று தெரிந்துவிடும்.

"ஊசி போட்டாச்சா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "போட்டாச்சு"தான் சொல்வார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை, ஏதோ ஒரு ஊசி போட்டிருப்பார்கள். "அட்டையை எடுத்துட்டு வாங்கம்மா, பார்ப்போம்" என்று கேளுங்கள். அட்டை அரிசி டிரம்முக்குப் பின்னாலோ, ரேஷன் கார்டு வைக்கிற மஞ்சப்பையிலோ இருக்கும், தேடட்டும், நில்லுங்கள். 9 மாதம் முடிந்து ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, இந்த இரண்டு கட்டத்திலும் தேதி இருந்தால்தான் போட்டாச்சு. அட்டை தொலைந்து, பதிவேட்டிலும் இல்லை என்றால் போடாத பிள்ளை என்றுதான் கணக்கு. ஏற்கெனவே போட்டிருந்து இன்னொன்று போட்டால் கெடுதல் எதுவும் இல்லை.

வீடு முடிந்ததும் "இந்த வீட்டில் இப்போது இல்லாத பிள்ளை யாராவது உண்டா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அப்புறம், "உங்களுக்குத் தெரிஞ்சு இந்த நோட்டுல வராத பிள்ளை எங்கே இருக்கும்?" என்று தெருவுக்கு ஒருவரிடம் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வி எனக்குக் கொடுத்த பிள்ளைகள் அதிகம். நம் ஜில்லாவில் நோட்டில் வராத பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செங்கல் சூளை, கல்குவாரி, கட்டட வேலை நடக்கிற இடங்கள். வட மாநிலத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருப்பார்கள், ரேஷன் கார்டு கிடையாது, பால்வாடியில் பெயர் கிடையாது. மேஸ்திரியிடம் முதலில் பேசுங்கள், இந்தி பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள், அவர்கள் சூளை மாறுவதற்குள் போடணும். அடுத்து மும்பை, சென்னை, கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். தாராவியில் நம் ஜில்லாக்காரர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள், பிள்ளைப்பேற்றுக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் இங்கே வருவார்கள், முதல் டோஸ் அங்கே, இரண்டாவது டோஸ் எங்கேயும் இல்லை. அப்புறம் தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்து அங்கேயே ஊசி போடுகிற, கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளைகள், அரசாங்கப் பதிவேட்டில் பாதி இருக்கும், பாதி இருக்காது, அவர்கள் வீட்டுக்குள் போகக் கூச்சப்பட்டு விட்டுவிடுவோம். ஆடு, வாத்து மேய்க்க வந்து அறுத்த வயலில் கூடாரம் போட்டிருக்கிறவர்கள். பாபநாசம் செக்போஸ்டுக்கு மேலே காரையார், மயிலார் என்கிற காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள், அங்கே போக வனத்துறைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கணும், ஒரு முழு நாளை அதற்கென்றே ஒதுக்கணும்.

நோட்டு முடிந்தால்தான் எத்தனை மருந்து வேண்டும் என்று சுகாதார நிலையத்தில் உறுதியாகச் சொல்ல முடியும். மக்கள்தொகையை வைத்துப் போடுகிற கணக்கு மருந்து வரவழைக்க உதவும், பிள்ளையைக் கண்டுபிடிக்க உதவாது.

யாருக்கு, எத்தனை டோஸ்

நம்மிடம் போடுவது எம்.ஆர். தடுப்பூசி, தட்டம்மைக்கும் ரூபெல்லா என்கிற இன்னொரு தடிப்பு நோய்க்கும் சேர்த்து. 9 மாதத்தில் போடுகிற ஒரு டோஸ் 100 பிள்ளையில் ஏறக்குறைய 85 பிள்ளைக்குத்தான் பிடிக்கும், இரண்டு டோஸும் போட்டால் 97 வரைக்கும் போகும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 100 பிள்ளை பிறக்கிற வட்டாரத்தில் 90 பிள்ளைக்கு முதல் டோஸ் மட்டும் போட்டால், பாதுகாப்பு கிடைத்தது 76 பேருக்கு, பாக்கி 24. நாலு வருஷத்தில் அது 96. ஊசி நன்றாகத்தானே போடுகிறோம், எப்படி நோய் வந்தது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 100-க்கு 95 பேருக்கு இரண்டு டோஸும் இருந்தால்தான் இந்த நோய் ஊருக்குள் நுழைந்தாலும் நிற்க இடம் கிடைக்காது.

நோய் பரவுகிற நேரத்தில் வழக்கமான அட்டவணைக்கு மேலே ஒரு கூடுதல் டோஸ் போடச் சொல்வார்கள். 2022 கடைசியில் மும்பையிலும் வேறு சில மாநிலங்களிலும் தட்டம்மை பரவியபோது, பாதித்த பகுதியில் 9 மாதம் முதல் 5 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கூடுதல் டோஸ் போடுவதைப் பரிசீலிக்கும்படியும், நோய் வந்தவர்களில் 10 சதவீதத்துக்கு மேல் 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளாக இருக்கிற இடங்களில் 6 மாதம் முடிந்த குழந்தைக்கும் ஒரு டோஸ் போடும்படியும் மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது. உங்கள் ஊரில் எந்த வயது என்பதை மருத்துவ அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 6 மாதத்தில் போட்டது கணக்கில் சேராது, 9 மாதத்திலும் ஒன்றரை வயதிலும் மறுபடி போடணும், இதை அம்மாவிடம் அப்போதே சொல்லி அட்டையில் எழுதிக் கொடுக்காவிட்டால் "அதான் போட்டாச்சே" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இரண்டு டோஸுக்கு நடுவில் 4 வாரமாவது இடைவெளி வேண்டும்.

நோய் வந்த பிள்ளையோடு பழகிய பிள்ளைக்கு, தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் போட்டால் நோயைத் தடுக்கவோ வேகத்தைக் குறைக்கவோ வாய்ப்பு உண்டு, அதனால் நோய் வந்த வீட்டைச் சுற்றிய வீடுகளில் இருந்துதான் வேலையை ஆரம்பிக்கணும், ஊர்த் தலைவர் வீட்டுத் தெருவில் இருந்து இல்லை.

கர்ப்பிணிகளுக்கும், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த பிள்ளைகளுக்கும் (புற்றுநோய் மருந்து எடுக்கிறவர்கள் மாதிரி), முன்பு இதே ஊசியில் கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்கும் போடக் கூடாது. சளி, லேசான காய்ச்சல், ஒன்றிரண்டு தடவை வயிற்றுப்போக்கு இதெல்லாம் திருப்பி அனுப்பக் காரணமே இல்லை. மெலிந்த பிள்ளைக்குத்தான் முதலில் போடணும், அதைத்தான் நோய் மோசமாக அடிக்கும்.

இடமும் நேரமும்

தட்டம்மை மாசி, பங்குனி, சித்திரையில் தலையெடுக்கிற நோய். அதே நேரம் ஆற்றுப் பாசன ஊர்களில் பிசான நெல் அறுவடை, பங்குனி உத்திரத்துக்கு வெளியூர்ச் சொந்தமெல்லாம் சாஸ்தா கோயிலுக்கு வந்து குவிகிற சமயம், அப்புறம் ஊர் ஊருக்குக் கொடை. அறுப்பு நடக்கிற ஊரில் காலை 10 மணிக்கு முகாம் போட்டால் வீட்டில் ஆச்சியும் பிள்ளையும்தான் இருப்பார்கள், அம்மா இல்லாமல் ஆச்சி ஊசிக்குச் சம்மதிக்க மாட்டாள். காலை 7 மணிக்கு முன்னால் அல்லது சாயங்காலம் போடுங்கள். பீடி சுற்றுகிற ஊரில் பெண்கள் வீட்டில்தான் இருப்பார்கள், ஆனால் மடியில் முறம், கையில் கத்தரி, கடையில் பீடியை ஒப்படைக்கிற நேரம் நெருங்கினால் எழுந்திருக்கவே முடியாது. அந்தத் தெருவுக்கு நீங்கள் போங்கள், நாலு பெண்கள் சேர்ந்து சுற்றுகிற திண்ணைதான் முகாம். கடற்கரையில் உவரி, இடிந்தகரைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அந்த வளாகத்திலேயே வைத்தால் அப்பாமாரும் இருப்பார்கள். மேலப்பாளையம் மாதிரி நெருக்கமான தெருக்களில் ஜமாஅத்தில் முதலிலேயே பேசி, வெள்ளிக்கிழமை ஜும்மாவில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள், வீட்டுக்குள் போக பெண் செவிலியரையும் பெண் தன்னார்வலரையும் மட்டும் அனுப்புங்கள்.

புதன்கிழமை வழக்கமான தடுப்பூசி நாள், அதை முகாமுக்காக நிறுத்தக் கூடாது. முகாம் இடம் நிழலாக, காற்றோட்டமாக, வருகிற வழி ஒன்று போகிற வழி ஒன்றாக இருக்கணும். காய்ச்சலோடு தடிப்பும் உள்ள பிள்ளை அந்த வரிசைக்கே வரக் கூடாது, வாசலில் ஒருவர் நின்று பார்த்துத் தனியாக உட்கார வைக்கணும், இல்லாவிட்டால் முகாமே பரப்புகிற இடம் ஆகிவிடும்.

மாட்டேன் என்கிறவர்களிடம் பேசுவது

பயப்படுகிறவர்களை அறிவில்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அந்த முகத்தைப் பார்த்ததுமே கதவைச் சாத்திவிடுவார்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை எம்.ஆர். ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியால் பெற்றோர் பலர் பயந்தார்கள், ஊசி நாளன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாதவர்கள் உண்டு, முகாமை மார்ச்சுக்கும் நீட்ட வேண்டி வந்தது. வதந்தி அனுப்பியவருடன் குழுவில் சண்டை போடுவதால் பயனில்லை. அந்தத் தெருவில் பிள்ளைக்குப் போட்ட ஒரு அம்மா தன் குரலில் 30 விநாடி பேசி அனுப்பினால் போதும்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு 4 குழந்தைகள் இறந்ததை இன்னும் நினைவு வைத்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நடக்கவில்லை என்று மறைக்காதீர்கள். நடந்தது, இன்று மருந்து எந்தக் குப்பியில் இருந்து எந்த மணிக்குக் கலந்தது என்பது வரை எழுதுகிறோம், அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம் என்று சொல்லுங்கள். உண்மையைச் சொன்னவரை நம்புவார்கள்.

அம்மை வீட்டுப் பக்கம் பேச்சு வேறு மாதிரி வரும். ஒரு ஊரில் ஒரு ஆச்சி வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, "தாய் இறங்கியிருக்கிற வீடு, இதுக்குள்ள ஊசியத் தூக்கிட்டு வாறியளே நர்சம்மா, நல்லாவா இருக்கு?" என்று கேட்டாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். "ஆச்சி, தாய் வந்த பிள்ளைக்கு ஊசி கிடையாது, போடவும் கூடாது. அந்தப் பிள்ளைக்கு வாயில விடுத சொட்டு மருந்துதான். மத்த ரெண்டு பேரனுக்குத்தான் ஊசி" என்றேன். உண்மையும் அதுதான், அம்மை போட்டுக் கடும் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு நாம் போடுவதில்லை. ஆச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் முத்துமாரியம்மன் கோயில் பூசாரியைக் கூப்பிட்டுக் கேட்டாள், அவர், "வாசலுக்கு வெளியே வச்சுப் போட்டுக்கிடுங்க" என்றார். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் போட்டோம். அதற்கப்புறம் எந்த ஊர் என்றாலும் முகாமுக்கு முன்னால் பூசாரியைப் பார்க்காமல் நான் போனதில்லை. கொடைக்குக் கால் நாட்டியாச்சு, காப்புக் கட்டியாச்சு என்கிற ஊரில் இது இன்னும் முக்கியம்.

முகாம் நாள்

இது செவிலியர் கையில் இருக்கிற விஷயம், ஆனால் கூட நிற்கிறவர்களும் தெரிந்திருக்கணும். எம்.ஆர். மருந்து தூளாக வரும், கரைக்கிற திரவம் தனியாக வரும். இரண்டும் ஒரே கம்பெனியுடையதாக இருக்கணும், இரண்டும் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்கணும். வேறு எந்தத் தண்ணீரும் கலக்கக் கூடாது. கலந்ததும் குப்பி மேலே நேரம் எழுதணும், 4 மணி நேரம் தாண்டினால் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் போடக் கூடாது, அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. வெயில் பட்டாலும் மருந்து கெடும், நம் ஊர் பங்குனி வெயிலில் மருந்து வைக்கிற குளிர்ப்பெட்டியான கேரியரை டேபிள் மேலே திறந்துவைப்பதைப் பார்த்தால் நீங்களே எடுத்து நிழலில் வைத்து மூடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வலது மேல்கையில், தோலுக்கு அடியில், அரை மில்லி. ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்த முடியாத சிரிஞ்சு, போட்டதும் ஊசியை வெட்டுகிற கருவியில் வெட்டணும். ஒரு செவிலியர் நிதானமாக ஒரு நாளில் 100, 120 ஊசி போடலாம், அதற்கு மேல் ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியைத் திறந்து போடச் சொல்லுங்கள். "இன்னும் நாலு பிள்ளை வரட்டும், அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பிய அம்மா, அன்றைய கூலியையும் விட்டுவிட்டு வந்தவள், மறுபடி வர மாட்டாள்.

போட்ட பிறகு 30 நிமிஷம் கட்டாயம் உட்காரணும். ஒவ்வாமைக்கான அவசர மருந்துப் பெட்டியும் டாக்டர் போன் நம்பரும் 108-ம் கைக்கெட்டும் தூரத்தில். அந்த அரை மணி நேரத்தில் ஒவ்வொரு அம்மாவிடமும் நாலு விஷயம் சொல்லுங்கள்: என்ன ஊசி போட்டிருக்கிறோம், 6 முதல் 12 நாளுக்குள் சில பிள்ளைகளுக்கு லேசான காய்ச்சலும் தடிப்பும் வரலாம், அடுத்த ஊசி எந்தத் தேதி, அட்டையைப் பத்திரமாக வைத்து அடுத்த தடவை கொண்டுவரணும். இரண்டாவதைச் சொல்ல மறந்தால், பத்தாம் நாள் "ஊசி போட்டதால அம்மை வந்துட்டு" என்று ஊர் முழுக்கப் பேச்சு வரும். விரல் நகத்தில் மை, நோட்டில் டிக், அட்டையில் தேதி, மூன்றும் முடிந்த பிறகே அடுத்த பிள்ளை.

சாயங்காலமும் அடுத்த ஆறு வாரமும்

முகாம் முடிந்ததும் போட்டோ எடுப்பதற்கு முன் நோட்டைத் திறந்து டிக் இல்லாத பெயர்களைத் தனித்தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் காரணம்: வெளியூர், காய்ச்சல், மறுப்பு, கதவு பூட்டு. அடுத்த மூன்று நாளுக்குள் அந்த வீடுகளுக்கு மறுபடி. பூட்டிய வீட்டுக்கு வேறு நேரம், மறுத்த வீட்டுக்கு வேறு ஆள் (அதே ஆள் போனால் அதே பதில்தான் வரும்), வெளியூர் போன பிள்ளைக்குத் திரும்புகிற தேதி. 95-ஐத் தொட்டாச்சு என்று மொத்த ஊர்க் கணக்கைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், தெருவாரியாகப் பாருங்கள். மற்ற தெரு எல்லாம் 100 இருந்து ஒரு காலனியில் பாதிதான் என்றால் நோய் நேராக அங்கேதான் போகும்.

ஊசி பிடிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், அதனால் முகாம் முடிந்த பிறகும் சில பிள்ளைகளுக்கு வரும். பதறாதீர்கள், ஊசி வீண் என்று பேசவும் விடாதீர்கள், ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதிச் சுகாதார நிலையத்துக்குச் சொல்லிக்கொண்டே இருங்கள். கடைசிப் பிள்ளைக்குத் தடிப்பு வந்த நாளிலிருந்து ஏறக்குறைய ஆறு வாரம் புதிதாக யாருக்கும் வராவிட்டால்தான் முடிந்தது என்று சொல்ல முடியும். அதுவரைக்கும் வாரத்துக்கு ஒரு நாள் பால்வாடி, பள்ளிக்கூடம், மருந்துக்கடை, சூளை இந்த நாலு இடத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

அம்மை வந்து எழுந்த பிள்ளைகளையும் விட்டுவிட வேண்டாம். எடை குறைகிறதா, காதில் சீழ் வடிகிறதா, கண் சரியாகத் தெரிகிறதா, இருமல் நிற்காமல் இருக்கிறதா என்று இரண்டு மூன்று மாதம் பார்க்கணும். கண்ணில் கோளாறு இருந்த பிள்ளைக்கு 2 முதல் 6 வாரத்துக்குள் மூன்றாவது தடவை வைட்டமின் ஏ உண்டு, அது விட்டுப்போகிறது, கேட்டு வாங்குங்கள்.

நோட்டைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். 6 மாதத்தில் போட்ட குழந்தைகளின் 9 மாதத் தேதி, முதல் டோஸ் மட்டும் போட்டவர்களின் அடுத்த தேதி எல்லாம் அதில்தான் இருக்கிறது. நான் ஓய்வு பெறுகிற அன்று எனக்கு அடுத்து வந்த பிள்ளையிடம் சப்-சென்டர் சாவியோடு மூன்று நோட்டும் கொடுத்தேன், முதல் பக்கத்தில் இருந்த சூளைக்காரர் நம்பரை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் காட்டினேன்.